பிள்ளையாரோடு விற்ற கார்

2012இல் நாங்கள் சிட்னியில், பிளாக்டவுன் பகுதியில் குடியிருந்தோம். புதுக் கார் வாங்கப் போன அன்று ஷோரூம்காரன் எங்களுக்குக் காப்பி கொடுத்தான், மகளுக்குப் பலூன் கொடுத்தான், என் கணவரின் தோளில் கைபோட்டுப் பேசினான். பழைய காரை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்ள முடியுமா என்று நான் கேட்டதும் அவ்வளவு உறவும் தீர்ந்துபோனது. வெளியே வந்தான். காரைச் சுற்றிக்கூட வரவில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மட்டும் படித்தான். இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர். ஐந்நூறு டாலர் தருகிறேன் என்றான். அதுவும் எங்கள் முகத்துக்காகத்தானாம்.

அது என் கார். பதினாறு வயதான வெள்ளை ஜப்பான் கார். சிட்னிக்கு வந்த இரண்டாம் வருடம், ஆஸ்பத்திரி லாப்பில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை கிடைத்தபோது, என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. ஒன்பது வருடத்தில் அது என்னை ஒருநாள்கூட நடுத்தெருவில் நிறுத்தியதில்லை. வீட்டில் மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

"அஞ்சூறு தர்றான்ல, தள்ளி விட்டுட்டு வா. இந்த டப்பாவ வேற எவன் வாங்குவான்?" என்றார் கணவர். அவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில், எந்த வேலை எத்தனை நாளில் முடியும் என்று மதிப்பிட்டுச் சொல்கிற உத்தியோகம். அவர் சொன்ன நாளில் எந்த வேலையும் முடிந்து நான் கேள்விப்பட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் என் காரை மதிப்பிடுகிறார்.

"ரெண்டாயிரத்துக்குக் குறையாம வித்துக் காட்டல, என் பேர மாத்திக்கிறேன்" என்றேன்.

எங்கள் தமிழ் புரியாமல் ஷோரூம்காரன் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்த ஐந்நூறை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

முதலில் விலையை முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் கார்களுக்கு விலை மதிப்பிட்டுச் சொல்லும் தளம் ஒன்று இருந்தது. வருடம் கேட்டது, நிறம் கேட்டது, எவ்வளவு ஓடியது என்றும் கேட்டது. அந்தக் கட்டத்தில் இரண்டரை லட்சத்தோடு எண்கள் முடிந்துவிட்டன. அதற்கு மேல் ஓடிய கார்களை அந்தத் தளம் கார் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சரி, மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விளம்பரங்களைப் படித்தேன். என் காரைவிட மோசமான, கதவு வேறு நிறத்தில் இருக்கும் வண்டிக்கு ஒருவன் மூவாயிரம் கேட்டிருந்தான். பிறகென்ன? நம் ஊர் வழக்கப்படி பேரம் பேசுவதற்கு இடம் விட்டு, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவித் துடைத்துப் படம் எடுத்தேன். டாஷ்போர்டில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பிள்ளையார் இருந்தார். பென்டில் ஹில் மளிகைக்கடையில் வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் நான் ஒட்டிவைத்தவர்.

"பிள்ளையார எடுத்துட்டு போட்டோ எடு. நம்மாளு வண்டின்னு தெரிஞ்சா வெள்ளக்காரன் வெலையக் கொறப்பான்" என்றார் கணவர், கதவில் சாய்ந்து நின்றபடி.

எடுக்கலாம் என்று நானும் நினைத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டதால் எடுக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, பிள்ளையார் நன்றாகத் தெரியும்படி இன்னொரு படமும் எடுத்துப் போட்டேன்.

மறுநாளிலிருந்து குறுஞ்செய்திகள் வந்தன. வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. "கடைசி விலை என்ன?" என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. இன்னும் முதல் விலையே பேசவில்லையே, அதற்குள் கடைசி விலை எங்கிருந்து வரும்? ஒருவன் காருக்குப் பதிலாக ஆறடி மீன்தொட்டி தருகிறேன் என்றான், மீன்களோடு. இன்னொருவன் ஓடாத மோட்டார் சைக்கிள் தருகிறேன் என்றான். "கார் இன்னும் இருக்கிறதா?" என்று ஒருத்தி கேட்டாள். இருக்கிறது என்றேன். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை அவளே மறுபடியும் கேட்டாள். கார் இருப்பதைத் தெரிந்துகொள்வதில் அவளுக்கு ஏதோ நிம்மதி இருந்திருக்க வேண்டும்.

நேரில் வந்தவர்கள் இவர்களுக்கு அண்ணன்கள். முதலில் நம் ஊர்க் குடும்பம் ஒன்று ஐந்து பேராக வந்தது. டீ குடித்தார்கள், முறுக்கு சாப்பிட்டார்கள், எந்த ஊர், எத்தனை வருடம், வீடு சொந்தமா என்று விசாரித்தார்கள். பிறகு ஐந்து பேரும் காரில் ஏறி ஓட்டிப் பார்க்கப் போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது டிக்கியிலிருந்து இருபது கிலோ அரிசி மூட்டை இறங்கியது. "யோசிச்சு சொல்றோம்" என்று கிளம்பியவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து ஒரு இளைஞன் வந்தான். நான் என்ன சொன்னாலும் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, "வீட்டில் உங்கள் கணவர் இருக்கிறாரா?" என்று கேட்டான். கணவருக்கு எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. கூப்பிட்டுவிட்டேன். இரண்டு பேரும் பத்து நிமிடம் கிரிக்கெட் பேசினார்கள்.

மூன்றாவதாக வந்தவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். கையில் டார்ச்சும் ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டு வந்தார். அட்டையைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் போய்விட்டார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டதா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். என்னிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. ஒன்பது வருடத்து சர்வீஸ் ரசீதுகளும் அதில் தேதிவாரியாக இருந்தன. வந்தவர்களிடமெல்லாம் அதை நகைப்பெட்டி மாதிரி திறந்து காட்டுவேன். அதில் கடைசி ரசீது அந்த வருடத்துடையது. எங்கள் மெக்கானிக், லெபனான்காரர், அதன் அடியில் கையால் எழுதியிருந்தார்: டைமிங் பெல்ட் இதுவரை மாற்றப்படவில்லை, கெடு எப்போதோ தாண்டிவிட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம். வாயாலும் விளக்கியிருந்தார். எஞ்சினுக்குள்ளே எல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் பிசகாமல் ஓடவைப்பது அந்த ரப்பர் பட்டைதான். ஓடும்போது அறுந்தால் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிடும், பிறகு அந்தக் காரைப் பழைய இரும்புக்குத்தான் போடலாம் என்றார். மாற்றுவதற்கு எண்ணூறு டாலர் ஆகும் என்றார்.

மாற்றவில்லை என்று பஸ்காரரிடம் உண்மையைச் சொன்னேன். தலையை ஆட்டினார். எண்ணூறுக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்றார். "நான் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மாற்றாமல் ஓட்டாதே அம்மா" என்று புத்தியும் சொல்லிவிட்டு, அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். கஞ்சப்பயல், விலையைக் குறைக்க எவ்வளவு நாடகம் என்று அன்று முழுக்கத் திட்டினேன். நாலாவதாக வந்தவனும் பெல்ட்டைத்தான் கேட்டான். அவன் எழுநூறு என்றான்.

"எழுநூறு நல்ல வெலைதான்" என்று கணவர் சோபாவிலிருந்தே சொன்னார். "புதுப் பேரு யோசிச்சு வச்சிட்டியா?"

அன்று ஃபைலைத் திறந்து அந்த ஒரு ரசீதை மட்டும் உருவினேன். சமையலறை டிராயரில், பீட்சா கடை விளம்பரத் தாள்களுக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை. கிழித்தால் அது தப்பு அல்லவா? யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன், கேட்காவிட்டால் நானாகச் சொல்லமாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். எவ்வளவு நேர்மையானவள் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஒரு போன் வந்தது.

"ஹலோ, அக்கா, நீங்கள் தமிழ் தானே?"

"ஆமா. யாரு பேசறீங்க?"

"நான் பென்டில் ஹில்லில இருந்து கதைக்கிறன். உங்கட கார் விளம்பரம் பாத்தனான். படத்தில பிள்ளையார் இருந்தவர், அதுதான் எங்கட ஆக்களாத்தான் இருக்கும் எண்டு எடுத்தனான். கார் இன்னும் இருக்கோ?"

இருக்கிறது என்றேன். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். பென்டில் ஹில்லிலிருந்து ரயிலேறி, பிளாக்டவுனில் இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருந்தார். தோய்த்து இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு சின்னப் பை. இலங்கையிலிருந்து படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருந்தார். ஒரு வீட்டில் ஐந்து பேராகத் தங்கியிருந்தார்கள். பாண், அதாவது ரொட்டி, சுடுகிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. காலை நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

"திங்கட்கிழமை காரோட வந்தால்தான் வேலை எண்டு சொல்லிப்போட்டாங்கள், அக்கா. எட்டு மாசமா அலைஞ்சு கிடைச்சது" என்றார்.

காரை வெளியே நின்று ஒருமுறை பார்த்தார். கதவைத் திறந்து, பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பானெட்டைத் திறக்கட்டுமா என்று கேட்டேன்.

"தேவையில்லை அக்கா. நீங்கள் ஓடின கார்தானே. பிறத்தியாரெண்டால் பாக்கலாம். உங்களிட்ட வந்து நான் அதைத் திறந்து இதைத் திறந்து பாத்தால் மரியாதையில்லை."

ஓட்டியாவது பார்க்கச் சொன்னேன். மணியைப் பார்த்தார். ராகுகாலம் பத்தரைக்குத்தான் முடியும், அதற்குப் பிறகே சாவியைத் தொடுவேன் என்றார். அது ஊர் ராகுகாலமா சிட்னி ராகுகாலமா என்று என் கணவர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அந்தத் தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கோயிலில் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், சிட்னி நேரம்தானாம். இத்தனை எச்சரிக்கையான ஆள்.

ஆகவே ஒரு மணி நேரம் இருந்தது. சமையலறையிலேயே இருந்த சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். டீ கொடுத்தேன். ஃபைலை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. டீ சிந்திவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் பிடித்து மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். அந்த ஒரு மணி நேரமும் ரசீது இருந்த டிராயர் எனக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது.

விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் எடுத்தேன். பேரம் பேசுவார், இரண்டாயிரத்தில் நிற்கலாம் என்று எண்ணி இரண்டாயிரத்து அறுநூறு என்றேன்.

"ஓம் அக்கா" என்றார். அவ்வளவுதான். உறையை எடுத்து மேசையில் வைத்தார். கூட இருக்கும் நாலு பேரும் சேர்ந்து போட்ட காசு என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எதிரே கணவர் புருவத்தை உயர்த்தி, பரவாயில்லையே என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. திறந்த வாயால், "இன்னொரு டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

பத்தரை தாண்டியதும் எழுந்தார். பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். அவர் தேசிக்காய் என்றார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, ஒரு சூடத்தைக் கொளுத்திக் காட்டினார். கிரகங்களிடமிருந்தும் கண் திருஷ்டியிலிருந்தும் அந்தக் காருக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. என்னிடமிருந்துதான் கிடைக்கவில்லை.

"அக்கா, இந்தப் பிள்ளையார்..." என்று தயங்கினார். புதுக் காருக்கு எடுத்துக்கொள்வேனோ என்று அவருக்குக் கவலை.

"அவர் உங்களுக்குத்தான் தம்பி, வச்சுக்கோங்க" என்றேன். போதாததற்கு உறையிலிருந்து ஒரு நூறு டாலர் தாளை எடுத்து, பெட்ரோலுக்கு என்று திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். வற்புறுத்தித் திணித்தேன். பழங்களை நசுக்கிக்கொண்டு கார் தெருவில் திரும்பியபோது, கண் கலங்கும் அளவுக்கு எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. அன்று இரவு சாப்பாட்டை வெளியே போய்ச் சாப்பிட்டோம். ஜெயித்தவள் நான் என்பதால் ஹோட்டலையும் நானே தேர்ந்தெடுத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் எதுவும் இல்லை. வேலைக்குப் போகும்போது சில நாள் நினைவு வரும். திங்கட்கிழமை சரியான நேரத்துக்குப் போயிருப்பாரா என்று நினைப்பேன். போன் செய்து, "ஒரு மெக்கானிக்கிட்ட பெல்ட்டக் காட்டிடுங்க தம்பி" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நம்பர் போனில் இருந்தது. சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று ஒரு கேள்வி வருமே. அதற்காகச் சொல்லவில்லை. ஓடுகிறவரைக்கும் ஓடட்டும், எத்தனையோ கார் ஓடுகிறது என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் புதுப் பிள்ளையார், கொஞ்சம் பெரியவர், ஏறியிருந்தார். தெருமுனையிலிருந்து அந்தத் தம்பி நடந்து வந்தார். அதே இஸ்திரிச் சட்டை. கார் எங்கே என்று நான் கேட்கவில்லை. நடந்து வருகிற ஆளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் திட்டப்போகிறார், பணத்தைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று அந்த இருபது அடி தூரத்துக்குள் பதிலும் தயார் செய்துவிட்டேன். பழைய கார், நீங்கள்தான் பானெட்டைத் திறக்க வேண்டாம் என்றீர்கள், கார் கைமாறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட காரைப் பழுதாக்கிப் போட்டன்."

எனக்குப் புரியவில்லை. உங்கட கார் என்கிறார்.

"போன செவ்வாய்க்கிழமை விடிய வேலைக்குப் போகேக்க ரோட்டில நிண்டிட்டுது. கராஜ்காரன் ஏதோ பெல்ட் அறுந்து எஞ்சின் முடிஞ்சுதெண்டான். எனக்கு ஓட்டோமற்றிக் கியர் பழக்கமில்லை அக்கா, ஊரில கையால கியர் மாத்திற வான்தான் ஓடினனான். நான் பிழையா ஓடியிருப்பன். ஒன்பது வருசம் உங்களிட்ட ஒரு குறையும் இல்லாமல் ஓடின காரை அஞ்சு கிழமையில முடிச்சுப்போட்டன்."

"வேலை?" என்று கேட்டேன்.

"அது போட்டுது. ரெண்டு நாள் வராட்டில் வேற ஆளைப் போட்டிடுவாங்கள். பரவாயில்லை, வேற பாக்கலாம்." பையிலிருந்து மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே பிள்ளையார் இருந்தார். அடியில் நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. "காரை இரும்புக்குக் குடுத்திட்டம். இவரையும் அதோட விட மனம் வரேல்லை. நீங்கள் ஆசையா வச்சிருந்தது, உங்களிட்டயே தந்திட்டுப் போவம் எண்டு வந்தனான். நீங்கள் எங்கட ஆள் எண்டு விலையும் குறைச்சு, நூறு டொலரும் திருப்பித் தந்தனீங்கள். நான் ஒழுங்காப் பாக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிள்ளையாரைக் கையில் வாங்கினேன். டிராயர் சமையலறையில் இருந்தது. பத்தடி எடுத்து வைத்தால் போதும், ரசீதை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, இதுதான் காரணம், நீங்கள் ஓட்டிய விதம் இல்லை என்று சொல்லலாம். உள்ளே இருந்து கணவர், "யாரு?" என்று குரல் கொடுத்தார். புதுக் காரின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மூக்கருகே சோப்புநுரை ஒட்டியிருந்தது.

"பரவாயில்லை தம்பி" என்றேன். "தெரியாம நடந்ததுதானே. நான் ஒண்ணும் தப்பா நினைக்கல."

அதைக் கேட்டதும்தான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றார். நான் மன்னித்ததற்கு இரண்டு தடவை நன்றி சொல்லி, "போட்டு வாறன் அக்கா" என்று விடைபெற்று, ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார்.